முகாமில் 22 பிள்ளைகள், இரண்டு காட்ஸ் கட்டு, மூன்று இரவு: என்ன விளையாட வைக்கலாம்?

சின்னக்கிளி:

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் லீவில் எங்கள் இளைஞர் கழகம் நானுஓயாப் பக்கம் ஒரு முகாம் வைக்கிறது. 12 முதல் 17 வயது வரை 22 பிள்ளைகள். பகல் பொழுது நடை, மரம் நடுதல், நாடகம் என்று ஓடிவிடும். இரவுதான் பிரச்சினை. ஆறு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடுகிறது, மழை வேறு. ஹோலை விட்டு வெளியே தலைகாட்ட முடியாது. போன்களை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். கரண்ட் போனால் ஒரு சார்ஜ் லைட்டும் இரண்டு டோர்ச்சும்தான் கதி.

கையில் இருப்பவை இரண்டு காட்ஸ் கட்டு, ஒரு ஊனோ. எனக்குத் தெரிந்தது கழுதை மட்டும். அதையே மூன்று இரவும் ஆடினால் பிள்ளைகள் என்னைக் கழுதை ஆக்கிவிடுவார்கள். கூட்டமாக ஆடக்கூடியவற்றைச் சொல்லுங்கள். நாலைந்து சிங்களப் பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்களும் சேர்ந்து ஆட வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ஒரு பிள்ளையின் பாட்டி இப்போதே ஆரம்பித்துவிட்டார்: "காட்ஸா? அது எழவு வீட்டுல ராத்திரி முழிச்சிருக்க ஆடுறது. பிள்ளைங்களுக்கு எதுக்கு?" என்ன பதில் சொல்வது?

நாலாம் நம்பர் லயம்:

ஊனோ இருக்கும்போது என்ன கவலை? ஒரு கட்டை வைத்துப் பத்துப் பேர் ஆடலாம். மொழியே தேவையில்லை, நிறமும் இலக்கமும் தெரிந்தால் சரி. ஆனால் தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: +2க்கு மேல் இன்னொரு +2 போட்டு அடுத்தவர் தலையில் கட்டலாமா, கூடாதா? பெட்டியோடு வருகிற விதிப்படி கூடாது. +2 விழுந்தால் இரண்டை எடுத்துக்கொண்டு முறையையும் விட வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். முகாமில் ஆறு வீட்டுப் பிள்ளை சேர்ந்தால் ஆறு சட்டம் பேசும்.

பொகவந்தலாவைக்காரன்:

தங்கச்சி, என்ன விளையாட்டு என்பது அப்புறம். ஒரு பாயைச் சுற்றி எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். 22 பேரையும் ஒரே வட்டத்தில் வைத்து காட்ஸ் பிரித்தால், முறை சுற்றி வருவதற்குள் பாதிப் பேர் பெட்சீட்டுக்குள் போய்விடுவார்கள். எங்கள் ஊர் பிள்ளைகள் முகாமில் இரவுப் பொறுப்பு என் தலையில்தான் விழும், பார்த்துத்தான் சொல்கிறேன். இன்னொரு தொல்லை, தோற்றவன் வெளியே போகிற விளையாட்டு. வேறு ஊரில் என்றால் "போய் முற்றத்தில் ஓடி விளையாடு" என்று அனுப்பலாம். நமக்கு முற்றத்தில் மழையும் அட்டையும். முதலில் வெளியேறிய பிள்ளை ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

அந்த வகையில் கழுதை நல்ல விளையாட்டுதான். அதில் முதலில் வெளியேறுகிறவன் ஜெயித்தவன். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து மற்றவர்களைக் கிண்டல் செய்யப் போய்விடுவான், அவனைப் பற்றிக் கவலையே இல்லை.

முதல் இரவுக்கு ஸ்பூன். உங்கள் கணக்குக்கு அளந்து தைத்தது போல் வரும். 11 பேராக இரண்டு வட்டம், வட்டத்துக்கு ஒரு கட்டு. கட்டிலிருந்து ஏதாவது இரண்டு இலக்கத்தை முழுதாக எடுத்துவிட்டால் 11 இலக்கம், 44 காட்ஸ், ஆளுக்கு நாலு. நடுவில் 10 சாமான். சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வேண்டாத ஒன்றைக் கவிழ்த்து வலது பக்கம் தள்ள வேண்டும், இடது பக்கத்திலிருந்து வருவதை எடுக்க வேண்டும். நாலும் ஒரே இலக்கமாகச் சேர்ந்தவர் சத்தம் போடாமல் நடுவிலிருந்து ஒன்றை எடுப்பார். அதைக் கண்டதும் மற்றவர்கள் பாய்வார்கள். ஒருவர் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. அவரை வெளியே அனுப்பாமல் ஒரு புள்ளி போடுங்கள். பத்து மணிக்கு யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ அவருக்குக் காலையில் பிளேன்டீ கோப்பை கழுவுகிற வேலை.

ஸ்பூன் என்று பெயர் இருப்பதற்காக உண்மையான ஸ்பூனை வைக்காதீர்கள். எவர்சில்வர் காம்பு விரல் இடுக்கைக் கிழித்துவிடும். கரம் காய் இருந்தால் அதுதான் சரி. இல்லாவிட்டால் சோடா மூடி வேண்டாம், விளிம்பு கீறும், அழிறப்பர் வையுங்கள். நகம் வெட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் இரவுக்கு 304 என்ற காட்ஸ் ஆட்டம். இதைப் படிக்காமல் ஒரு மலைநாட்டுப் பிள்ளை முகாமை விட்டுப் போகக்கூடாது என்பது என் கட்சி. ஆனால் நேரே 304இல் தள்ளிவிட்டால் ஓடிவிடுவார்கள். முதலில் அதைவிட எளிதான ஓமி சொல்லிக்கொடுங்கள். சிங்களப் பிள்ளைகளில் ஒருவருக்காவது ஓமி தெரிந்திருக்கும், அவரையே வாத்தியார் ஆக்கிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே கட்டு: 2 முதல் 6 வரை எடுத்துவிட்டால் மிச்சம் 32. இரண்டுக்கும் நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. இரண்டிலும் நாலு நாலாகப் பிரித்து, துரும்பு, அதாவது மற்ற இனங்களை வெட்டுகிற இனம், முடிவானபின் இன்னும் நாலு. இரண்டிலும் ஆட்டம் வலது கைப் பக்கமாகச் சுற்றும்.

ஓமியில் பிரித்தவருக்கு வலது பக்கம் இருப்பவர் தன் முதல் நாலு காட்ஸை மட்டும் பார்த்து "இஸ்பேட் துரும்பு" என்று சொல்லிவிடுவார். ஒரு சுற்றில் விழும் நாலு காட்ஸ் ஒரு பிடி, மொத்தம் எட்டுப் பிடி, ஐந்து எடுத்த சோடி ஜெயிக்கும். ஏஸ்தான் பெரிது, அப்புறம் கிங், குவீன் என்று வழக்கமான வரிசை. எடுத்து வைத்த 20 காட்ஸ் இருக்கிறதல்லவா, அதைச் சோடிக்குப் பத்தாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அதுவே புள்ளிக் கணக்கு. தாளும் பென்சிலும் வேண்டாம்.

அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். அப்போது வரிசையை மாற்றுங்கள். இனி ஜேக்தான் பெரிது: 30. அடுத்து ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குவீன் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்தில் 76, நாலு இனத்துக்கும் 304. இப்போது துரும்பு சும்மா கிடைக்காது, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்டு வாங்க வேண்டும். 160இல் தொடங்கி ஏற்றிக்கொண்டே போவார்கள். கூடக் கேட்டவர் துரும்புக் காட்ஸைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன இனம் என்று மற்ற மூன்று பேருக்கும் தெரியாது, சொந்தச் சோடிக்குக்கூடத் தெரியாது. பிடியில் முதலில் இறங்கிய இனம் கையில் இல்லாதவர் ஒன்றைக் கவிழ்த்துப் போடுவார். பிடி முடிந்ததும் துரும்புக்காரர் அந்தக் கவிழ்த்த காட்ஸைத் தூக்கிப் பார்க்கிறார் பாருங்கள், அந்த முகத்தை வைத்துத்தான் பாதி ஆட்டமே. துரும்பாக இருந்தால் காட்டி வெட்டிவிடுவார். இல்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பக் கவிழ்ப்பார். எதிரே இருப்பவர் கண்ணைச் சிமிட்டுகிறாரா, காதைச் சொறிகிறாரா என்று மற்ற இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு கட்டுக்கு எட்டுப் பேர்தான் 304 ஆடலாம். பத்துப் பேர் ஊனோவுக்கு. மிச்சம் நாலு பேர். அதற்கு ஒரு கட்டு கூட வாங்கிவிடுங்கள், பிளாஸ்டிக் கட்டாகப் பார்த்து.

ஊவாக்காரி:

அண்ணா சொன்ன கடைசி வரியை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் பண்டாரவளை. ஓகஸ்டில் எங்கள் பக்கம் மழை குறைவு, கச்சான் காற்று வீசும். ஜன்னல் திறந்திருந்தால் பாயில் ஒரு காட்ஸ் நிற்காது. உங்கள் பக்கம் நேர்மாறு. தென்மேல் பருவ மழையில் கடதாசிக் கட்டு ஒரே இரவில் ஊதி, இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு எட்டு கொடுத்ததாக நினைத்தால் ஒருவர் கையில் ஒன்பது இருக்கும். முகத்துக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் ஒரு உறையில் போட்டு, கட்டை அதற்குள் விட்டுக் குலுக்கி, துணியால் துடைத்துவிடுங்கள். இரவில் டப்பாவில் மூடி வையுங்கள். குசினி அடுப்புப் பக்கம் காய வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

பாட்டி விஷயம். அவர் சொன்னதில் பொய் இல்லையே. நம் தோட்டங்களில் மரண வீட்டில் விடிய விடிய 304 நடக்கும், சில இடத்தில் காசும் கைமாறும். பாட்டி பார்த்த காட்ஸ் அதுதான். அவரிடம் வாதாடாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு பாயை விரித்து, ஐந்து நிமிடம் ஸ்பூன் ஆடிக் காட்டுங்கள். காசு கிடையாது, டொபிகூடப் பந்தயம் கிடையாது என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். டொபி என்று ஆரம்பித்தால் இரண்டாம் இரவு அது பத்து ரூபாய் ஆகும்.

304இல் மட்டும் அண்ணாவோடு எனக்கு ஒத்துவராது. 12 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பாரம். 15க்கு மேற்பட்டவர்களுக்கு அதை வையுங்கள், சின்னவர்களுக்கு ஓமியோடு நிறுத்துங்கள். நான் டீச்சர், பிள்ளை எந்த இடத்தில் சலித்துப்போகும் என்று தெரியும்.

பொகவந்தலாவைக்காரன்:

டீச்சர், எட்டு வயதில் தாத்தா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தே படித்தவர்கள்தான் எங்கள் லயத்தில் பாதிப் பேர். 30, 20, 11, 10, 3, 2. ஆறு இலக்கம், அவ்வளவுதானே? பாடசாலையில் கூட்டல் வராத பயல் இங்கே எட்டுப் பிடியையும் கூட்டி "நீங்க 150தான் எடுத்தீங்க, 160 கேட்டீங்க" என்று பெரியவர்களையே மடக்குவான். சின்னவர்களைத் தனியாக ஆட விடாதீர்கள், அவ்வளவுதான். பெரிய பிள்ளை ஒன்று, சின்னது ஒன்று என்று சோடி போடுங்கள்.

ஹட்டன் ஸ்டேஷன்:

மூன்றாம் இரவுக்கு 22 பேரும் ஒன்றாக ஆட ஒன்று வேண்டாமா? மாஃபியா. 1986இல் மொஸ்கோவில் டிமித்ரி டேவிடோவ் என்ற உளவியல் மாணவர் உருவாக்கியது. தனியாகச் சாமான் எதுவும் வேண்டாம், உங்கள் கட்டு போதும். நாலு ஏஸ், ஒரு கிங், ஒரு குவீன், 16 இலக்கக் காட்ஸ், மொத்தம் 22. கலக்கி ஆளுக்கு ஒன்று. ஏஸ் வந்தவர்கள் கள்ளர், கிங் பொலிஸ், குவீன் டொக்டர், மற்றவர்கள் ஊர்ச்சனம். பார்த்ததும் காட்ஸை மடியில் கவிழ்த்துவிட வேண்டும்.

கதை நடத்துபவர் நீங்கள். "ஊர் தூங்குகிறது" என்றதும் எல்லோரும் கண்ணை மூடுவார்கள். கள்ளர் மட்டும் கண் திறந்து ஒருவரைக் கைகாட்டுவார்கள். அப்புறம் டொக்டர் ஒருவரைக் காப்பாற்றுவார், பொலிஸ் ஒருவரைச் சந்தேகப்பட்டுக் காட்டுவார், அவர் கள்ளரா இல்லையா என்று நீங்கள் தலையசைப்பீர்கள். விடிந்ததும் யார் போனார் என்று சொன்னால் ஊர் கூடிச் சண்டை. வாக்கெடுத்து ஒருவரைத் துரத்த வேண்டும். கரண்ட் போன இரவுக்கு இதைவிட வேறில்லை. வெளியேறினவர்களுக்கும் பொழுது போகும், அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு முழு உண்மையையும் பார்க்கலாம். வாயை மட்டும் திறக்கக்கூடாது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். இது முழுக்கப் பேச்சு, அதனால் சிங்களத்திலும் தமிழிலும் கதை சொல்லுங்கள். தனியாகச் சொல்ல வராவிட்டால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் பயந்தால் "கொலை" என்று சொல்லாமல் "மூடுபனியில் வழி தவறிவிட்டார்" என்று சொல்லுங்கள். டோர்ச்சை முகத்தில் அடிக்கவே கூடாது.

நாலாம் நம்பர் லயம்:

கள்ளர் கைகாட்டும்போது சட்டை உரசுகிற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். மழை தகரத்தில் விழும்போது ஆடுங்கள், ஒன்றும் கேட்காது.

சின்னக்கிளி:

அப்பாடா, மூன்று இரவுக்கும் வழி கிடைத்துவிட்டது. பிளாஸ்டிக் கட்டு ஒன்று வாங்கச் சொல்லிவிட்டேன். நேற்று வீட்டில் ஓமி ஆடிப் பார்த்தோம், இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டோம். நாலுக்கு நாலு பிடி வந்தால் யார் ஜெயித்தது? எட்டையும் ஒரே சோடி எடுத்தால்?

பொகவந்தலாவைக்காரன்:

நாலுக்கு நாலு என்றால் யாருக்கும் இல்லை. அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்கிற சோடி ஒரு புள்ளி கூட எடுக்கும். துரும்பு சொன்ன சோடி ஜெயித்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு காட்ஸ், தோற்றால் எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு. எட்டையும் வாரினால் அது கப்போத்தி, மூன்று. பத்தும் எந்தப் பக்கம் முதலில் தீர்கிறதோ அவர்கள் காலி. இந்தக் கணக்கும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அதனால் முகாமுக்கு வருகிற சிங்களப் பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டில் எப்படி என்று முதல் கைக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.