இ.பி.ஆர். = நீள்பொறுப்பு?

வணக்கம்.

இ.பி.ஆர். எனப்படும் எக்ஸ்டென்டட் புரொடியூசர் ரெஸ்பான்சிபிலிட்டியைத் தமிழில் ‘விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்று எழுதி வருகிறோம். விரிந்தது உற்பத்தியாளரா, பொறுப்பா என்று படிப்பவர் தடுமாறுகிறார். ‘நீட்டிக்கப்பட்ட’ என்றால் காலக்கெடுவை நீட்டித்ததுபோல் ஒலிக்கிறது. தாமஸ் லிண்ட்குவிஸ்ட் 1990இல் சுவீடன் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அளித்த அறிக்கையில் முன்வைத்த கருத்து இது: பொருளை விற்றதோடு கடமை முடியாது, திரும்பப் பெறுதல், மறுசுழற்சி, இறுதி அகற்றல் வரை அது நீளும். ஆகவே ‘ஆக்குநர் நீள்பொறுப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘நீள்பொறுப்பு’ வினைத்தொகை, நடுவே ‘ப்’ மிகாது.

---

> ஆக்குநர் நீள்பொறுப்பு

பின்பாதி மிகப் பொருத்தம் ஐயா. ‘ஆக்குநர்’தான் இடிக்கிறது. சட்டங்களில் புரொடியூசர் என்பவர் ஆலை நடத்துபவர் மட்டுமல்லர். இறக்குமதி செய்பவரும், பிறர் செய்த பொருளில் தம் வணிகப்பெயரை இட்டு விற்பவரும் அதில் அடக்கம். ‘வழங்குநர்’ சப்ளையருக்குப் போய்விட்டது, ‘சந்தைப்படுத்துநர்’ விளம்பரத்துறைக்கு. அந்தச் சொல்லையே விட்டுவிட்டு ‘நீள்பொறுப்பு’ என்று நிறுத்தலாம். சுமப்பவர் நீள்பொறுப்பாளர். நீள்பொறுப்புக் கட்டணம், நீள்பொறுப்புச் சான்று, நீள்பொறுப்பு இலக்கு எல்லாம் தடையின்றி வருகின்றன.

---

சுருக்கம் நன்று. ஆனால் யாருடைய பொறுப்பு என்பது மறையக் கூடாது. இந்தக் கொள்கையின் உயிரே அதுதான்.

பெட் என்னும் நெகிழியால் ஆன குப்பிக்கு பி.வி.சி. என்னும் வேறு நெகிழியில் உறை சுற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்று. மறுசுழற்சிக்காகப் பிரிக்கத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் இரண்டும் மூழ்கும், பிரியாது. பெட்டை உருக்க 250 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். பெட்டின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபடும், பிசின் மஞ்சளாகும். குப்பை பிரிப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதை முழுதும் தடுக்க முடியாது. உறையைத் தேர்ந்தவரால் முடியும். கரிப்பொடி கலந்த கறுப்பு நெகிழியும் இப்படித்தான்: அகச்சிவப்புக் கதிரை அது உறிஞ்சிவிடுவதால் தரம்பிரிக்கும் கருவிக்குத் தென்படுவதில்லை.

கட்டணத்தை எடைக்கு மட்டும் வாங்கினாலும் பயனில்லை. மறுசுழற்சிக்கு உதவாத பல அடுக்கு உறை மிக இலேசு. அதற்குக் கட்டணமும் சொற்பம். வடிவமைப்பைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் கட்டணத்துக்கு ‘வடிவமைப்புசார் கட்டணம்’ என்ற சொல்லும் நமக்குத் தேவை.

---

ஏற்கிறேன் அம்மா. ‘ஆக்குநரை’ நீக்குகிறேன், யார் என்பதை வரையறையிலேயே கட்டிவிடலாம்:

நீள்பொறுப்பாளர் — ஒரு பொருளை ஒரு நாட்டின் சந்தையில் முதலில் இறக்குபவர்.

நீள்பொறுப்பு — அவர் அப்பொருளின் பயன்பாட்டுக்குப் பிந்தைய நிலைக்கும் செலவாலோ செயலாலோ ஏற்கும் பொறுப்பு.

‘புராடக்ட் ஸ்டூவர்ட்ஷிப்’ இதனின்று வேறு. விற்பவர், பயன்படுத்துபவர் எல்லாரும் அதைப் பகிர்வார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாமலும் நடக்கும். அதற்குப் ‘பொருட்பேணல்’ என்று வைக்கிறேன். ‘லயபிலிட்டி’க்குப் ‘பொறுப்பு’ வேண்டாம், ‘கடப்பாடு’ இருக்கட்டும். மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.