ஊரே பேசின டிவி காட்சி எது: சபையில நின்ன திரௌபதியா, செத்துப் பிழைச்ச மிஹிரா? (மும்பைத் தமிழர்கள் புனைபெயர்ல எழுதிக்கிட்ட உரையாடல்)

தொண்ணூறடி ரோடு:
மக்களைப் பேச வெச்ச டிவி காட்சி எதுப்பான்னு என் மக கேட்டா. யோசிக்காம சொன்னேன்: பி.ஆர். சோப்ராவோட மகாபாரதத்துல திரௌபதியை முடியைப் பிடிச்சுச் சபைக்கு இழுத்துட்டு வர்ற காட்சி. வருஷம் 1989. தாராவியில எங்க சால்ல, அதாவது ஒத்தை ரூம் வீடுங்க வரிசையா இருக்கிற குடியிருப்புல, டிவி எங்க வீட்டுல மட்டும்தான். கறுப்பு வெள்ளை, மரக்கதவு வெச்சது. ஞாயித்துக்கிழமை காலையில குழாயடி வேலை முடிஞ்சதும் குடத்தை வாசல்ல வெச்சுட்டு எல்லாரும் உள்ள வந்துடுவாங்க. பத்துக்குப் பத்து ரூம்ல முப்பது பேர்.

எங்க ஆத்தா செஞ்சிப் பக்கம். இந்தியில ஒரு வார்த்தை தெரியாது. ஆனா விடிய விடியக் கூத்து பாத்து வளந்தவ. ரூபா கங்குலி இந்தியில கேக்கிறதுக்கு முன்னாடியே ஆத்தா தமிழ்ல கேட்டுட்டா: "தன்னையே தோத்தவன் என்னை எப்படிடா பந்தயம் வைப்பான்?" துச்சாதனன் முந்தானையில கை வெச்சப்போ ஆத்தா எழுந்து சாமி மாடத்துல இருந்து கற்பூரம் எடுத்துட்டு வந்து டிவி முன்னாடி ஏத்தினா. கூத்துல துகில் உரியிற கட்டம் வந்தா ஆட்டத்தை நிறுத்தி, வேஷம் கட்டினவரே திரௌபதிக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுட்டுத்தான் புடவையைத் தொடுவாராம். அதை டிவிக்காரன் செய்யல, அதனால நான் செஞ்சேன்னா.

அன்னைக்கு சால்ல ராத்திரி வரைக்கும் வேற பேச்சே இல்ல. இதுக்கு மேல ஒரு காட்சி வரலைங்கிறது என் கட்சி.

8.14 லோக்கல்:
அண்ணா, உங்க ஆத்தாவோட கற்பூரத்தைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் உங்க கட்சியை ஒத்துக்க முடியல. அன்னைக்குத் தூர்தர்ஷனை விட்டா வேற என்ன இருந்தது? சன் டிவி வந்ததே 1993 ஏப்ரல்ல. ஞாயித்துக்கிழமை காலையில தூர்தர்ஷன் எதைப் போட்டிருந்தாலும் ஊர் பேசியிருக்கும். பேச வெச்சது காட்சி இல்ல, வேற வழி இல்லாததுதான்.

என் ஓட்டு மிஹிர் செத்ததுக்கு. ஸ்டார் பிளஸ்ல 2000 ஜூலை 3ல ஆரம்பிச்ச 'க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ'. அடுத்த வருஷம் அதோட கதாநாயகி துளசியோட புருஷன் மிஹிரைச் சாகடிச்சாங்க. வேற சேனல் எத்தனையோ கேபிள்ல இருந்தும் ஜனம் இதைத் தேடிப் பாத்தது. நான் அப்போ டோம்பிவ்லில இருந்து விடி ஸ்டேஷனுக்கு லோக்கல் ட்ரெயின்ல லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல போய்ட்டிருந்தேன். தினமும் மடியில பேப்பரை விரிச்சுப் பட்டாணி உரிப்போம், வெந்தயக்கீரை ஆய்வோம். மறுநாள் காலையில ஒருத்தி கையும் ஓடல. மராத்திக்காரங்க, குஜராத்திக்காரங்க, நாங்க நாலு தமிழ்க்காரங்க, எல்லாரும் சொந்த வீட்டுச் சாவு மாதிரி பேசினோம். அப்படியே எங்கெங்கயோ இருந்து எதிர்ப்பு கிளம்பி, சேனல்காரங்க அவரை உயிரோட கொண்டு வந்தாங்க. பாக்கிறவங்க பேச்சுக்குக் கதையே வளைஞ்சுதே, அதைவிடப் பெரிய பேச்சு உண்டா?

முலுண்ட் சபா:
அம்மா, அந்த வளைந்ததைத்தான் நான் குறையாகச் சொல்வேன். செத்தவனைப் பார்வையாளர் கேட்டார்கள் என்று எழுப்பிய அன்றோடு இந்தியத் தொடர்களில் சாவுக்கு மதிப்புப் போய்விட்டது. அதற்கப்புறம் யார் விபத்தில் சிக்கினாலும் "உடல் கிடைத்ததா?" என்றுதான் வீட்டில் கேட்கிறோம். அமர் உபாத்யாய், இந்தர் குமார், ரோனித் ராய் என்று ஒரே மிஹிருக்கு மூன்று முகம் வந்தும் கதை நிற்காமல் ஓடியது. எதுவுமே நிரந்தரம் இல்லாத இடத்தில் எதற்காக அழுவது?

ஒரே சேனல் வாதத்துக்கும் பதில் இருக்கிறது. 2020 மார்ச் 28 முதல் ராமானந்த் சாகரின் ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் சொன்னது. அப்போது ரிமோட்டில் நூற்றுக்கணக்கில் சேனல்கள் இருந்தனவே. என் பேரன் மொபைலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

8.14 லோக்கல்:
சார், அது ஊரடங்கு. ஷூட்டிங் எல்லாம் நின்னு போய், எந்த சேனல்லயும் புதுசா ஒண்ணும் கிடையாது. 1989ல இருந்த அதே நிலைமைதான் திரும்பி வந்துச்சு. 7.7 கோடியும் தூர்தர்ஷன் தானே சொல்லிக்கிட்ட உலக சாதனை. அமெரிக்காவுல 'மாஷ்' தொடரோட கடைசிப் பகுதியை 1983 பிப்ரவரி 28ல பத்துக் கோடிக்கு மேல பாத்திருக்காங்க. இதை அப்பவே பலர் எடுத்துக் காட்டினாங்க.

பாக்கிறவங்க சொல்லி மாத்தினாக் கெட்டுடும்னு சொல்றீங்க. அப்போ ராமாயணம்? 1988 ஜூலை 31ல பட்டாபிஷேகத்தோட முடிச்சுட்டாங்க. அப்படி முடிக்கக்கூடாதுன்னு வடக்குல ஜலந்தர்லயும் இன்னும் சில ஊர்லயும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திட்டாங்க. வால்மீகி ஆசிரமமும் லவ குசனும் வர்ற பாகத்தையும் காட்டணும்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் உத்தர ராமாயணமே வந்தது. நீங்க கொண்டாடுற தூர்தர்ஷனும் ஜனம் சொல்லி வளைஞ்சிருக்கு சார்.

முலுண்ட் சபா:
நல்ல கேள்வி. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அந்தத் தொழிலாளர்கள் வால்மீகியைத் தங்கள் குருவாகக் கும்பிடுகிறவர்கள். தங்கள் குரு கதைக்குள் வருகிற பாகம், சீதை இரண்டாம் முறை காட்டுக்குப் போகிற பாகம், அது விட்டுப்போனதே என்று கேட்டார்கள். கதையில் இருப்பதைக் காட்டு என்றார்கள். கதையை மாற்று என்று கேட்கவில்லை. மிஹிர் விஷயத்தில் நடந்தது வேறு. அழகான முகத்தைக் காணோம் என்ற ஏக்கம் அது. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பணிந்ததுதான் தவறு.

சீத்தா கேம்ப் பாய்:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன். அந்த மகாபாரதத்துக்கு வசனம் எழுதினவர் ராஹி மாசூம் ரஸா. ஒரு முஸ்லிம் எழுதலாமான்னு அப்போ கேட்டவங்க உண்டு. நான்தான் எழுதுவேன்னு எழுதி முடிச்சார். காலமே வாய் திறந்து கதை சொல்ற மாதிரி அமைஞ்சிருக்கும் பாருங்க, ஹரீஷ் பிமானி குரல், அதைக் கேட்டாலே எங்க வாப்பா வெத்தலையை வாயில போடாம கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்க.

சபைக் காட்சியில சேலை நீண்டுக்கிட்டே போறதைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. வாப்பாவை உலுக்கினது அது இல்ல. அவ ஒவ்வொருத்தரா பாத்துக் கேக்கிறா. பீஷ்மர் தலையைக் குனியிறார். துரோணர் குனியிறார். விதுரர் வாயைத் திறக்கிறார், ஆனா அவர் பேச்சும் எடுபடல. அந்த முகங்களை ஒண்ணொண்ணா கிட்டக் கொண்டுவந்து காட்டுவாங்க. வாப்பா எங்க தெருவுல பஞ்சாயத்து பேசுற ஆள். அன்னைக்கு மத்தியானம் சோறு முழுசா சாப்பிடல. முந்தின வாரம் ஒரு பொண்ணு விஷயத்துல பெரியவங்களோட சேந்து தானும் சும்மா இருந்துட்டதா உம்மாகிட்ட சொன்னாங்க. நான் ஓட்டு போடுறது அந்தக் குனிஞ்ச தலைகளுக்கு.

வாஷி பேத்தி:
நீங்க எல்லாருமே பழசைப் பேசுறீங்க, நான் 2023க்கு வர்றேன். 'எதிர்நீச்சல்' சீரியல். நான் இங்கேயே பிறந்தவ, என் தமிழ்ல பாதி பாட்டிகூட உட்கார்ந்து சீரியல் பாத்துக் கத்துக்கிட்டது. மாரிமுத்து சார் வீட்டுப் பொம்பளைங்களை அடக்கி வைக்கிற ஆதி குணசேகரனா வந்து "ஏய் இந்தாம்மா"ன்னு கூப்பிடும்போது பாட்டி பல்லைக் கடிப்பாங்க. அந்த வீட்டு மருமகள்கள் மெல்ல மெல்ல எதிர்த்துப் பேச ஆரம்பிச்சப்போ எங்க வீட்டுலயும் ஒண்ணு நடந்தது. அப்பா ஹால்ல இருந்து "ஏய், தண்ணி"ன்னாங்க. அம்மா அடுப்படியில இருந்து வெளிய வந்து, கையைத் துடைச்சுக்கிட்டு, "எனக்குப் பேரு இருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அன்னைல இருந்து அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க.

அந்த செப்டம்பர் 8ல மாரிமுத்து சார் அதே சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்துல இறந்துட்டார். அத்தனை நாள் அந்த ஆளைத் திட்டின பாட்டி அன்னைக்கு அழுதாங்க. வேல ராமமூர்த்தி சார் அந்த வேஷத்துக்கு வந்தப்புறமும் பாட்டி பாத்தாங்க, ஆனா திட்டுறதை விட்டுட்டாங்க.

8.14 லோக்கல்:
பேத்தி சொல்றதுதான் நான் சொல்ல வந்தது. நூறு சேனல் இருக்கிற காலத்துலயும் ஒரு காட்சி வீட்டுக்குள்ள புகுந்து வேலை செஞ்சிருக்கு. தொண்ணூறடி அண்ணா, உங்க சால்ல ராத்திரி வரைக்கும் பேசினாங்களே, என்ன பேசினாங்க? பக்திதானே?

தொண்ணூறடி ரோடு:
இல்லம்மா, பக்தி இல்ல. இதை எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். அந்த அக்கா இப்ப இல்ல, பேர் சொல்லாம எழுதுறேன்.

பக்கத்து ரூம்ல ஒரு அக்கா. புருஷன் மில்லுல இருந்தவர். 1982 ஸ்டிரைக்குல வேலை போச்சு, அப்புறம் நிலையா ஒண்ணும் அமையல. மட்காங்கிற நம்பர் சூதாட்டப் பழக்கம் பிடிச்சுது. ஓப்பனுக்கு ஒரு நம்பர், குளோசுக்கு ஒரு நம்பர்னு சிகரெட் அட்டை பின்னாடி எழுதி வெச்சுக்கிட்டே திரிவார். மூக்குத்தி, பித்தளைக் குடம், பையனோட ஸ்கூல் பணம், எல்லாம் அதுல போச்சு. அக்கா ஒரு நாளும் சத்தம் போட்டு நான் கேட்டதில்ல.

அன்னைக்கு தருமன் ஒவ்வொண்ணா வெச்சுத் தோக்கிறான். நாடு, தம்பிங்க, தான், கடைசியில பொண்டாட்டி. அவர் எங்க வீட்டு நிலைப்படியில சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டிருந்தார். அக்கா முன்னாடி தரையில உட்கார்ந்திருந்தா. ஆத்தா கற்பூரம் ஏத்தினதும் அக்கா திரும்பினா. முப்பது பேர் இருக்காங்கன்னு பாக்கல. "இன்னும் என்ன மிச்சம் இருக்கு, என்னை எப்ப எழுதப் போற?"ன்னு கேட்டா. டிவி சத்தத்தைத் தவிர ரூம்ல மூச்சு இல்ல. அந்த மனுஷன் செருப்பைக்கூட மாட்டாம போயிட்டார். சால்ல ராத்திரி வரைக்கும் நடந்த பேச்சு இதுதான். வேற எந்தெந்த வீட்டுல எது எது போச்சுன்னு அன்னைக்குத்தான் பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க.

வேற சேனல் இருந்திருந்தா அக்கா வேற எதையாவது பாத்திருப்பான்னு சொல்லுவீங்க. இருக்கலாம். ஆனா அந்தக் கேள்வி வேற எந்தக் காட்சியில இருந்து அவளுக்குக் கிடைச்சிருக்கும்?

8.14 லோக்கல்:
அண்ணா, கை கூப்புறேன். ஒரே சேனல்னு நான் சொன்னதை முழுசா வாபஸ் வாங்க மாட்டேன், கூட்டம் சேர்ந்ததுக்கு அது ஒரு காரணம்தான். ஆனா உங்க கதைக்கு என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, என் கட்சிக்கு எதிரா.

எங்க கம்பார்ட்மெண்ட்ல ஒரு மராத்தி அக்கா, தானேல ஏறுவாங்க. புருஷன் போய் ரெண்டு வருஷம். மிஹிர் செத்த அன்னைக்கு எங்க எல்லாரையும்விட அதிகமா பேசினது அவங்க. ஆஸ்பத்திரியில கடைசி ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு முதல் தடவையா அன்னைக்குத்தான் எங்ககிட்ட சொன்னாங்க. துளசி அழுதது அவங்களுக்கு வழி விட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் மிஹிர் திரும்பி வந்தான். ட்ரெயின்ல எல்லாரும் பேடா ஸ்வீட் கொடுத்துக்கிட்டோம், நானும் கொடுத்தேன். அவங்க வாங்கிக் கையில வெச்சுக்கிட்டாங்க, சாப்பிடல. "அவளுக்குத் திரும்பி வந்துட்டான்"னு மட்டும் சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அந்த சீரியலைப் பத்தி அப்புறம் அவங்க பேசினதே இல்ல.

முலுண்ட் சபா சார், நீங்க சொன்ன சாவோட மதிப்பு எனக்கு அந்த பேடாவுலதான் புரிஞ்சுது. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, யார்கிட்டயும் சொன்னதில்ல.

முலுண்ட் சபா:
அம்மா, இதற்கு மேல் வாதிட எனக்கு மனமில்லை.

வாஷி பேத்தி:
தொண்ணூறடி அங்கிள், அந்த அக்கா புருஷன் மட்காவை விட்டாரா?

தொண்ணூறடி ரோடு:
விடலம்மா. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை அவர் எங்க வீட்டுப் பக்கம் வரல, அதுக்கப்புறம் ஒரு வாரமும் வரல. அக்கா எல்லா வாரமும் வந்தா, கடைசிப் பகுதி 1990 ஜூன்ல முடியிற வரைக்கும். ஆத்தா தன் பக்கத்துல அவளுக்குன்னு ஒரு பலகை போட்டு வெச்சிருப்பா.