புதுப்பிப்பு: 37-ஆம் வாரம், பை தயாராகிவிட்டது

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் நான், மருத்துவமனைப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று மூன்று வாரங்களுக்கு முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

உங்களில் பலர் சொன்னபடி, அப்பாவின் பழைய பருத்தி வேட்டிகளைக் கரை நீக்கிச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் உலர்த்தி, பன்னிரண்டு துண்டுகளாக அம்மா மடித்து வைத்திருக்கிறார். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், குழந்தை வரப்போகிறது என்பது எனக்கு உண்மையாகவே உறைத்தது.

நான் அடியோடு மறந்திருந்தது, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் 12 இலக்கப் பிக்மி (PICME) எண்ணைத்தான். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிவு செய்ய அது தேவைப்படுவதால், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கி, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார் நகல் ஆகியவற்றோடு கோப்பின் முதல் தாளிலேயே எழுதி வைத்துவிட்டேன். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தப்போக்கு தெரிந்தாலோ வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே கிளம்ப வேண்டும் என்றும், வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும் என்றும் அவர் அழுத்திச் சொன்னார்.

பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் வழக்கம் பற்றித்தான் எனக்குப் பெரும் தயக்கம் இருந்தது. சீம்பால் மட்டுமே போதும் என்று மருத்துவர் சொன்னதை அத்தையிடம் நேரில் எடுத்துச் சொன்னேன். அவரும் மனதார ஒப்புக்கொண்டார். அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை.