பழைய கவுண்டி வார இதழ்களில் எது உண்மையான உள்ளூர்ச் செய்தி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கிராமப்புற கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றில் 1880களில் வெளிவந்த நான்கு பக்க வார இதழைப் படித்து, அதிலுள்ள சிறு செய்திகளை உள்ளூர் வரலாறாகத் தொகுத்து வருகிறேன். யாருடைய களஞ்சியம் எரிந்தது, எந்தப் பள்ளிக்குப் புதிய ஆசிரியை வந்தார், யாருடைய குதிரை தொலைந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறேன். ஒரு விவசாயி கிணறு வெட்டும்போது நாணயப் பானை கிடைத்ததாக இரண்டாம் பக்கத்தில் ஒரு துணுக்கு இருந்தது. மகிழ்ச்சியோடு எழுதி வைத்தேன். அதே துணுக்கு, எழுத்தும் பத்தி அகலமும் மாறாமல், அதே வாரத்தில் வேறொரு கவுண்டியின் இதழிலும் இரண்டாம் பக்கத்திலேயே இருப்பதை நேற்றுப் பார்த்தேன். இதை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது?

மறுமொழி 1:
இரண்டு ஊர்க் கணக்கிலும் சேர்க்க வேண்டாம், நண்பரே. அந்தப் பக்கம் அவ்வூரில் அச்சானதே அன்று. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, விஸ்கான்சினில் பாராபூ என்ற சிற்றூரில் இதழ் நடத்திய ஆன்செல் நாஷ் கெல்லாக், அச்சகத்து ஆட்கள் போருக்குப் போய்விட்டதால், மாடிசன் நகர நாளிதழிடமிருந்து ஒரு பக்கம் மட்டும் போர்ச்செய்தி அச்சான தாள்களை வாங்கி, வெற்றுப் பக்கத்தில் தம் ஊர்ச் செய்தியை அச்சிட்டார். 1865இல் சிகாகோவில் அதையே தொழிலாகத் தொடங்கினார். பாதி அச்சான தாள்கள் மூட்டையாக வந்து இறங்கும். ஆசிரியர் மீதிப் பாதிக்கு மட்டும் எழுத்துக் கோத்தால் போதும். தொடர்கதை, வெளிநாட்டுச் செய்தி, வேளாண் குறிப்பு, மருந்து விளம்பரம் ஆகியவை நிறைந்த உட்பக்கங்கள் பெரும்பாலும் இவ்வகையே. சில இதழ்களில் வெளிப்பக்கங்கள் இவ்வாறு வந்ததும் உண்டு. எனவே பக்க எண்ணை நம்பாமல், பக்கத்து கவுண்டி இதழோடு ஒப்பிடுவதே உறுதியான வழி.

மறுமொழி 2:
துணுக்குகளைவிடச் சட்ட அறிவிப்புகளை நான் பெரிதும் மதிக்கிறேன். பலர் அவற்றைப் புரட்டிவிட்டுப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டப்படி 160 ஏக்கர் வரை அரசு நிலம் பெற்றவர், ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1879 முதல், அதற்கான இறுதிச் சான்று அறிவிப்பை நிலத்துக்கு மிக அருகில் வெளியாகும் இதழில் 30 நாள் வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. அந்தக் கட்டணமே பல சிற்றிதழ்களைத் தாங்கியது. ஓர் அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள்: விண்ணப்பித்தவர் பெயர், நில அளவையில் அந்த நிலம் இருக்கும் இடத்தைக் காட்டும் பிரிவு எண், சாட்சிகளாக அவரை நன்கு அறிந்த நான்கு பேர். அந்த நால்வரும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். இருபது அறிவிப்புகளை வரைபடத்தில் குறித்தால், யார் யாருக்கு அண்டை வீட்டார் என்பது தெரிந்துவிடும்.

மறுமொழி 3:
இன்னொன்று, ஒரு நிகழ்வை ஒரே இதழோடு முடித்துவிடாதீர்கள். 1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. அன்று வீசிய பெரும் பனிப்புயலில் நெப்ராஸ்காவிலும் டகோட்டாவிலும் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் பலர் இறந்தனர். அவ்வார இதழில் சில வரிகளே இருக்கலாம். காணாமற்போனவர் கிடைத்ததும், உறைந்த கால்களை வெட்ட நேர்ந்ததும், காயம்பட்டவர் பின்னர் இறந்ததும் அடுத்தடுத்த வாரங்களில்தான் வரும்; முதலில் வந்த எண்ணிக்கை திருத்தப்படுவதும் அப்போதுதான். பெண்களைத் தேடும்போது கணவர் பெயரையும் தேடுங்கள். திருமதி என்ற சொல்லுக்குப் பின் கணவரின் முழுப்பெயரையே அச்சிடுவது அக்கால வழக்கம்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. நாணயப் பானையை நீக்கிவிட்டேன். என் குறிப்பில் வெறும் பெயராக இருந்த, களஞ்சியம் எரிந்தவரை, இன்று காலை 1886ஆம் ஆண்டு அறிவிப்பு ஒன்றில் சாட்சியாகக் கண்டேன். அந்நிலத்தின் பிரிவு எண்ணிலிருந்து அவருடைய பண்ணையைத் தேடத் தொடங்கியிருக்கிறேன்.