மகனின் பொக்கற்றில் கஞ்சா: யாரிடம் போய்க் கதைப்பது?

மல்லாகம்_அம்மா:
கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது, 12ஆம் வகுப்பு. போன கிழமை உடுப்புத் தோய்க்கும்போது அவனுடைய ஜக்கெற் பொக்கற்றில் ஒரு வேப்பும் (மின்சிகரெட்), சின்னப் பையில் கஞ்சாவும் இருந்தன. கேட்டதற்கு, "இங்கே அது சட்டப்படி சரி, உங்களுக்கு விளங்காது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். இவருக்கு இரவு வேலை, எனக்குப் பின்னேர ஷிப்ட். ஒன்பது வயதிலிருந்து வங்கிக் கடிதம், டொக்டர், வரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அவன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். இப்போது அவனைப் பற்றியே டொக்டரிடம் சொல்ல யாரைக் கூட்டிக்கொண்டு போவது? இவர் யாழ்ப்பாணத்துக்கு மாமியிடம் அனுப்பிவிடலாம் என்கிறார். கோயிலில் ஒருவருக்கும் தெரிய வரக்கூடாது. மூன்று நாளாக நித்திரை இல்லை.

இரவுத்_தாதி:
அக்கா, மகன் பாதிச் சட்டம்தான் சொல்லியிருக்கிறான். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம், உண்மை. ஆனால் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அதை வாங்க 19 வயது ஆகியிருக்க வேண்டும். உரிமம் உள்ள கடையில் அவனுக்கு விற்க மாட்டார்கள். அப்படியென்றால் யாரோ கொடுத்தது. அதன் வீரியம் எவ்வளவு என்று அவனுக்கே தெரிந்திராது. மூளை 25 வயது வரை வளர்கிறது என்பதால்தான் இந்த வயதில் பயப்படுகிறோம்.

டொக்டரிடம் போக அவனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். தமிழ் டொக்டர் என்றாலும் பயம் வேண்டாம், நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்ல அவருக்கு உரிமை இல்லை. மகன் தனியே கதைக்க விரும்பினால் விடுங்கள். அவன் சொன்னதை டொக்டர் உங்களிடமும் சொல்லாமல் இருக்கலாம், அதற்காகக் கோபப்படாதீர்கள். போதைப் பழக்கம், மனநலம் பற்றிக் கேட்கக் கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற உதவித் தொலைபேசி இருக்கிறது, 24 மணி நேரமும் இலவசம். தினமும் பிடித்தவன் நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு கிழமை நித்திரை வராது, பசிக்காது, எரிந்து விழுவான். அதைத் திமிர் என்று நினைத்து அடித்துவிடாதீர்கள்.

மோர்னிங்சைட்_பெடியன்:
அன்ரி, எனக்கு இப்போது 26. 16 வயதில் தொடங்கினேன். சிநேகிதர்களோடு சேர்ந்து கெட்டுப்போனேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். 12 வயதில் வீட்டுக் கடன் கடிதத்தை வாசித்து, அப்பா பயப்படுவார் என்று பாதியை மறைத்துச் சொன்னவன் நான். அதற்குப் பிறகு தபால்பெட்டியைப் பார்த்தாலே வயிறு கலங்கும். வீட்டைப் பற்றி யோசிக்காமல் இருந்த ஒரே ஒரு மணி நேரம் அந்தப் புகைதான்.

என்னையும் ஊருக்கு அனுப்பினார்கள், ஆறு மாதம். திரும்பி வந்த அன்று இரவே தொடங்கினேன். அம்மா கடிதங்களை எடுத்துக்கொண்டு குடியேறியோருக்கு உதவும் நிலையத்துக்குத் தானே போகத் தொடங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அப்பா ஒருநாள் வேலைக்குப் போகாமல் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு புளஃபர்ஸ் பார்க் போனார். ஏரியைப் பார்த்தபடி இருந்தோம். முகத்தைப் பார்க்காமல் கதைப்பது லேசாக இருந்தது. அரைத் தமிழ், அரை ஆங்கிலம். ஒரே நாளில் விடவில்லை, ஒரு வருடம் எடுத்தது. டிக்கெற் போடாதீர்கள் அன்ரி, பிளீஸ்.

மல்லாகம்_அம்மா:
தம்பி, வாசித்துவிட்டு அழுதேன். அவனுடைய மேசை லாச்சிக்குள் எங்கள் கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. எடுத்து என் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். இவரிடம் உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறார்.