பத்தாம் வகுப்பு அறிவியல், தமிழ்வழி: ஏஐ போட்டுத் தரும் வினாத்தாளை எப்படிச் சரிபார்ப்பது?

சாக்பீஸ்_தூள் கேட்டது:

வாரம் ஒரு 25 மதிப்பெண் அலகுத் தேர்வு. சாட்ஜிபிடி, ஜெமினி எதில் "ஒளியியல் பாடத்துக்கு வினாத்தாள் தயாரி" என்று கேட்டாலும் வருவது பார்வைக்குப் பளபளப்பு, வகுப்புக்கு உதவாது. நம் பாடநூலில் இல்லாத கலைச்சொல், சிபிஎஸ்இ சாயல் கேள்வி, கணக்குகளில் தப்பு விடை. பாடநூல் பிடிஎஃப்பைக் காப்பி எடுத்து ஒட்டினால் எழுத்தே சிதறிவிடுகிறது. இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் எந்த வரிசையில் செய்கிறீர்கள்?

லென்ஸ்_குவியம்:

பிடிஎஃப்பிலிருந்து தொடங்குங்கள். "கொ" என்ற எழுத்து யூனிகோடில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. பிடிஎஃப் உள்ளேயோ அச்சில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் கடைசியில் என்று தனித்தனி வடிவங்களாகக் கிடக்கும். அதனால்தான் காப்பி எடுத்ததும் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்துக்குத் தாவுகிறது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக் காலத்துக் கோப்பு என்றால் வெறும் ஆங்கிலக் குப்பையாக வரும். இரண்டுக்கும் எளிய வழி ஓசிஆர், அதாவது பக்கத்தைப் படமாகப் பார்த்து எழுத்தைப் படித்தெடுப்பது. பாடத்தை ஐந்தைந்து பக்கமாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் 2 எம்பிக்குள் இருக்கும்படி கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். இரண்டு பத்தியாக அச்சான பக்கம் என்றால் நடுவில் வெட்டி இரண்டு படமாக்குங்கள். இல்லாவிட்டால் இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் பின்னிக்கொள்ளும். சூத்திரங்களை ஓசிஆரிடம் விடவே கூடாது. பின்னக்கோடும் கீழ்க்குறியும் காணாமல் போகும். கையால் தட்டுங்கள், ஒரு பாடத்துக்குப் பத்துக்கு மேல் இருக்காது.

அடுத்தது, முழு வினாத்தாளை ஒரே மூச்சில் கேட்காதீர்கள். பொதுத்தேர்வு அமைப்பு உங்களுக்குத் தெரியும்: 12 ஒரு மதிப்பெண், 7 இரண்டு, 7 நான்கு, 3 ஏழு, ஆக 75. உங்கள் 25க்கு 5 ஒரு மதிப்பெண், 4 இரண்டு, 3 நான்கு என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக, தேவைக்கு இரண்டு மடங்கு கேளுங்கள். ஒவ்வொரு கேள்வியோடும் "விடை எந்த வாக்கியத்தில் இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் எடுத்துப் போடு" என்று சொல்லிவிடுங்கள். அந்த வாக்கியத்தை உங்கள் ஓசிஆர் கோப்பில் கண்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடுங்கள். அகப்படவில்லையா, கேள்வியைத் தூக்கிப் போடுங்கள், வாதாட வேண்டாம். சிபிஎஸ்இ சாயல் கேள்விகளில் பெரும்பகுதி இதிலேயே கழிந்துவிடும்.

கணக்கு வினாவுக்கு விடையை நீங்கள் முதலில் முடிவு செய்யுங்கள், கதையை மட்டும் அது எழுதட்டும். சுதந்திரமாக விட்டால் 5, 10, 7 ஓம் பக்க இணைப்பு என்று போடும். விடை 70/31, அதாவது 2.258. பிள்ளைகள் தசமத்தில் சிக்கிக்கொள்வார்கள், கருத்து சோதிக்கப்படாது. 2, 3, 6 ஓம் கொடுத்தால் விடை 1 ஓம்.

பலவுள் தெரிக வினாவின் உயிர் தப்பு விடைகளில்தான் இருக்கிறது. குவிலென்ஸ், குவியத் தொலைவு 10 செ.மீ, பொருள் 15 செ.மீ தொலைவில். விடை 30 செ.மீ. பொருள் தொலைவுக்கு எதிர்க்குறி போட மறந்தவனுக்கு 6 வரும். இரண்டையும் கூட்டுகிறவனுக்கு 25. இந்த 6ம் 25ம் தெரிவுகளில் இருந்தால், எத்தனை பேர் குறியில் சறுக்கினார்கள் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். "மாணவர் செய்யும் இன்ன தவறிலிருந்து இந்தத் தெரிவு வருகிறது என்று எழுது" என்று கேட்டால் ஓரளவு செய்கிறது, ஆனால் எண்ணை நீங்கள் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: விட்டால் சரியான விடை ஆ அல்லது இ இடத்திலேயே குவியும், மற்ற தெரிவுகளைவிட நீளமாகவும் இருக்கும். பாடமே படிக்காதவன்கூட அதை மோப்பம் பிடித்துவிடுவான். எக்செலில் ஒவ்வொரு தெரிவுக்கும் ராண்ட் (தற்செயல்) எண் கொடுத்து வரிசையைக் கலைத்துவிடுங்கள்.

பருத்தித்துறை_ஆய்வுகூடம்:

கலைச்சொல் குழப்பத்துக்குக் காரணம் நாங்களும்தான்! இணையத்தில் இருக்கிற தமிழ் அறிவியல் எழுத்தில் இலங்கை வழக்கும் தமிழ்நாட்டு வழக்கும் கலந்து கிடக்கிறது. உங்கட முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். ஆக்சிஜன் ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, செல் கலம். ஏஐ மாதிரிக்கு இரண்டும் ஒரே மொழிதான், எந்தப் பரீட்சைக்கு எந்தச் சொல் என்று அதுக்குத் தெரியாது. இங்கே ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) வினாத்தாளுக்குக் கேட்டால் நடுவில் "முடுக்கம்" வந்து நிற்கும்.

பாடநூலின் கலைச்சொல் பட்டியலில் அந்த அலகுக்கு உரிய முப்பது சொல்லை எடுத்து, "இவற்றை மட்டும் பயன்படுத்து, இவற்றைத் தவிர்" என்று இரண்டு நிரலாகக் கட்டளையின் தலையில் வையுங்கோ. தவிர்க்க வேண்டிய நிரல் முக்கியம். உந்தம், கணத்தாக்கு, விசை மூன்றுக்கும் "உந்துவிசை" என்று ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றுவதும் நடக்கிறது; அங்கே சொல் மட்டும் இல்லை, இயற்பியலே பிழைத்துப் போகிறது.

மூன்றாம்_பாடவேளை:

இத்தனை பாட்டுக்குக் கையாலேயே எழுதிவிடலாமே சார்?

லென்ஸ்_குவியம்:

ஒரே ஒரு தாள் வேண்டுமென்றால் கையால் எழுதுவதுதான் சீக்கிரம், மறுப்பே இல்லை. ஓசிஆர் கோப்பும் சொல் பட்டியலும் ஒரு தடவை வேலை. அதன்பின் ஒரு பாடத்துக்கு 40 கேள்வி வடிகட்டி வைத்தால் வருடம் முழுக்க அலகுத் தேர்வு, மறுதேர்வு, மெல்லக் கற்போருக்கான தாள் எல்லாம் அதிலிருந்தே.

வெண்டளை:

தமிழாசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செய்யுள் விளக்கம், கட்டுரைச் சட்டகம் இவற்றுக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள். அலகிடுதலுக்கு, அதாவது செய்யுளைச் சீர் அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்வதற்கு, வேண்டாம்.

முதல் குறளையே எடுங்கள். அகர புளிமா, முதல புளிமா, எழுத்தெல்லாம் புளிமாங்காய், ஆதி தேமா, பகவன் புளிமா, முதற்றே புளிமா, உலகு பிறப்பு. மாதிரிகள் சறுக்குவது பெரும்பாலும் கடைசிச் சீரில்: "உலகு" நிரைபு என்று பார்க்காமல் நிரை நேர் என்று பிரித்துப் புளிமா போட்டுவிடும். "எழுத்தெல்லாம்" போன்ற மூவசைச் சீரை இரண்டு அசையாக முடித்துவிடுவதும் உண்டு. வாய்பாட்டுப் பெயர் அத்தனை உறுதியோடு வரும், பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

காரணம் எளிது. நாம் எழுத்தாகப் பார்ப்பதை அது எழுத்தாகப் பார்ப்பதில்லை. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு, யுடிஎஃப்-8ல் 15 பைட். மாதிரி அதையும் வேறு துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டின் எண்ணைத்தான் பார்க்கிறது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது சாட்ஜிபிடி நிறுவனமான ஓப்பன்ஏஐ எடுத்துக்காட்டாகக் காட்டிய தமிழ் வாக்கியம் 116 துண்டிலிருந்து 35 ஆகக் குறைந்தது. செலவும் நேரமும் குறைந்தன, சரி. ஆனால் துண்டு பெரிதாவதால் குறில் நெடில் ஒற்று கண்ணுக்குத் தெரிந்துவிடாது. அசை பிரிக்க விதிப்படி இயங்கும் அவலோகிதம் போன்ற மென்பொருள் இருக்கிறது. அதில் போடுங்கள், விதி மாறாமல் பிரிக்கும்.

சாக்பீஸ்_தூள்:

எல்லாருக்கும் நன்றி. தவிர்க்க வேண்டிய சொல் நிரல் எனக்குத் தோன்றவே இல்லை. ஒட்டி இன்னொரு கேள்வி: வீட்டுப்பாடத்தை மாணவர்களே ஏஐயில் எழுதிக் கொண்டுவந்தால்? கண்டுபிடிக்கும் கருவி ஏதாவது நம்பலாமா?

நிகழ்தகவு_0:

நம்ப வேண்டாம். ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் ஒன்று வெளியிட்டது; ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதாதென்று அந்த ஆண்டு ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தாமே எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டபோது, சராசரியாக 61 சதவீதம் ஏஐ எழுதியது என்று தீர்ப்பு வந்தது. எளிய சொல், எதிர்பார்க்கத்தக்க தொடர் இருந்தாலே கருவிக்குச் சந்தேகம். அப்படி எழுதுகிறவர்கள்தான் நம் வகுப்பில் அதிகம். இதை வைத்து ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்ல முடியுமா?

பயன்படுத்தலாமா கூடாதா என்பதைவிட எந்த வடிவில் என்பதைப் பாருங்கள். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து ஜிபிடி-4 கொண்டு கணிதத்தில் ஒரு ஆய்வு நடந்தது. கேட்டதற்கெல்லாம் விடை தரும் சாதாரண அரட்டை வடிவம் பெற்றவர்களுக்குப் பயிற்சியில் மதிப்பெண் 48 சதவீதம் ஏறியது. கருவியைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தால், கருவியே பெறாதவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. விடையைச் சொல்லாமல், ஆசிரியர் முன்கூட்டி எழுதிக் கொடுத்த குறிப்புகளை மட்டும் சொல்லும் வடிவத்தில் பயிற்சி மதிப்பெண் 127 சதவீதம் ஏறியது, தேர்வில் அந்தச் சரிவும் இல்லை. ஆக, வீட்டில் பயன்படுத்தத்தான் போகிறார்கள் என்றால் கட்டளையை நீங்களே எழுதிக் கொடுங்கள்: "விடையைச் சொல்லாதே. நான் எழுதிய கடைசி வரியைப் பார், பிழை எந்த வரியில் என்று மட்டும் சொல். ஒரு தடவைக்கு ஒரு குறிப்பு." சரியான விடையையும் படிகளையும் அந்தக் கட்டளைக்குள்ளேயே வைத்தால் கருவி தானே கணக்குப் போட்டுத் தப்பாது. ஆனால் அதைப் பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஜெமினியின் ஜெம் (நாமே கட்டளை எழுதி அமைக்கும் அரட்டை உதவியாளர்) போல ஒரு முறை அமைத்து இணைப்பைப் பகிரலாம், உள்ளே போட்ட கட்டளை வெளியே தெரிகிறதா என்று முதலில் வேறு கணக்கிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் சோதிக்க வாய்மொழிதான். 40 பேரையும் தினம் கேட்க முடியாது. சீட்டுக் குலுக்கி எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம்: "மூன்றாவது வரியில் எதிர்க்குறி ஏன்?" 16 நிமிடத்தில் முடியும், ஐந்து நாளில் வகுப்பு முழுக்கச் சுற்றிவிடும். யாருக்கு வரும் என்று தெரியாததால் எல்லாரும் படித்துவிட்டு வருவார்கள்.

மூன்றாம்_பாடவேளை:

விடைத்தாளைப் போட்டோ எடுத்து ஏஐயையே திருத்தச் சொல்வது?

வெண்டளை:

மொழிப்பாடத்தில் கூடவே கூடாது. கையெழுத்தைப் படிக்கும்போதே பிழையைத் திருத்திப் படித்துவிடுகிறது. "அவனை பார்த்தேன்" என்று ஒற்று விட்டு எழுதியிருந்தால் "அவனைப் பார்த்தேன்" என்று எடுத்துக்கொண்டு முழு மதிப்பெண் போடும். ஒற்றுப்பிழை, ணகர னகரம், லகர ளகரம் எல்லாம் மாயமாகிவிடும். அறிவியலில் முயன்று பார்ப்பதென்றால் பெயரும் தேர்வெண்ணும் உள்ள மேல்பகுதியை மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள்தான், அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அப்புறம், மதிப்பெண் கேட்பதற்கு முன் "விடையை எழுதியபடியே தட்டச்சு செய்" என்று தனியாகக் கேட்டு, அதைத் தாளோடு ஒப்பிடுங்கள். அதிலேயே தெரிந்துவிடும்.