திறந்த கலமா, வரப்பு முகிலா?

அனைவருக்கும் வணக்கம்.

கடல்மேல் பரவும் இருவகை முகில் கோலங்களுக்கு (ஆங்கிலத்தில் open cell, closed cell) நேற்று நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்ட ‘திறந்த கலம்’, ‘மூடிய கலம்’ இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். ‘திறந்த கலத்தில் மேகம் எங்கே இருக்கும்?’ என்றால், ‘உள்ளே’ என்கிறார்கள். போதாததற்கு, நம் ஊரில் கலம் என்றால் நெல் அளவை.

திறந்த வகையில் நடுவே காற்று மெல்லக் கீழிறங்குகிறது, அங்கே வானம் வெறிச்சென்று கிடக்கும். ஓரங்களில்தான் காற்று மேலேறி மேகம் கட்டுகிறது. மூடிய வகையில் நடுவே மேகம் நிறைந்திருக்கும், சுற்றிலும் ஒடுங்கிய இடைவெளி. வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேகம் ஓரத்தில் நின்றால் ‘வரப்பு முகில்’, நடுவில் நிறைந்தால் ‘பாத்தி முகில்’. மேகம் எங்கே என்று சொல்லே காட்டிவிடுகிறது.

பாத்தி சதுரம், இவை அறுகோணம் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். 1900-இல் பெனார் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் மெல்லிய திரவப் படலத்தை அடியில் சூடாக்கியபோது ஒழுங்கான அறுகோணங்கள் வந்தன, சரி. ஆனால் 1960-இல் தொடங்கிய அமெரிக்காவின் டைராஸ் வானிலைச் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த முகில்களுக்கு அந்த ஒழுங்கு இல்லை. உயரம் 1, 2 கி.மீ. என்றால் அகலம் 10 முதல் 40 கி.மீ. வரை போகும். இவ்வளவு தட்டையான ஒன்றுக்குப் பாத்தியைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன். பெரு, கலிபோர்னியா கரைகளுக்கு அப்பால் பாத்தி முகில் பரந்து கிடக்கும். தூறல் வலுத்தால் மழையில் குளிர்ந்த காற்று அடியில் பரவி, நடு மேகம் கலைந்து வரப்பு முகிலாகிவிடும். தடங்கலின்றி வருகிறது.

சூட்டினால் காற்று மேலேறிப் புரள்வதற்கு உள்ள ‘வெப்பச்சலனம்’ அப்படியே இருக்கட்டும், வானிலைச் செய்தி கேட்கும் எல்லோருக்கும் பழகிய சொல். பாத்தி முகிலில் மட்டும், மேகத்தின் உச்சி குளிர்வதால்தான் காற்று பெரும்பாலும் புரள்கிறது என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அப்புறம், காற்றின் திசையிலேயே நீளும் மேக வரிசைக்கு ‘முகில் சால்’ என்றும் ஒரு சொல் வந்தது. கேட்க அழகுதான், ஆனால் சால் என்பது ஏர் உழுத பள்ளம். காற்று இறங்கும் தெளிந்த இடைவெளிக்குத்தான் அது பொருந்தும். வரிசைக்கு ‘முகில் நிரை’, இடைவெளிக்குச் ‘சால்’ என்று வைக்கலாமா?